இரண்டு சின்னது, ஒரு நீளம்

இரண்டு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல் என்றால் தேத்தண்ணி. ஒரு நீளம் மட்டும் என்றால் மூக்குக்கண்ணாடி. நான்கு சின்னது என்றால் வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள், போய்க் கதவைத் திற. இதெல்லாம் ரயில்வே சட்டப் புத்தகத்தில் இருக்கிற சமிக்ஞை இல்லை. ஈப்போவில் ஒரு மனிதர் தன் மனைவியைக் கூப்பிடுவதற்கு வைத்திருந்த முறை.

வாயைத் திறந்து கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், மனசுக்குள். வாய்விட்டுக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. கேட்காததோடு விட்டேனா? அந்த ஹோர்னை அடுப்படியில் ஒலிக்க வைத்தவனே நான்தான். ஆகவே இந்த மனிதரைப் பற்றி நான் ஏளனமாகச் சொல்வதையெல்லாம் படிக்கும்போது, சொல்கிறவன் யோக்கியன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

அவர் வீட்டில் முன்கூடம் என்பது பேருக்குத்தான். சோபாவைக் கார் நிறுத்துகிற இடத்துக்குத் தள்ளிவிட்டு, கூடம் முழுக்கப் பலகை போட்டு, அதன் மேல் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் பதித்திருந்தார். பொம்மை என்று நான் சொல்கிறேன். அவர் காதில் விழுந்தால் அன்றைக்குப் பூராவும் பேசமாட்டார். ஒரு கோடியில் வெள்ளைக் கும்மட்டத்தோடு ஈப்போ ஸ்டேஷன், மறு கோடியில் பத்து காஜா ஊர் ஸ்டேஷன், சுவரோரமாக மேலே ஏறினால் செமோர் ஊர். நடுவில் சுண்ணாம்புக் குன்றுகள். போத்தல் கழுவும் பிரஷ்களை வெட்டி முன்னூறு ரப்பர் மரம் நட்டிருந்தார். மரங்களுக்கு நடுவே கிராணி வீடு, அதாவது தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவின் வீடு. உள்ளே குட்டி பல்பு, ஜன்னலில் திரைச்சீலை, வாசலில் ஒரு நாய்கூட இருந்தது.

ஒருநாள் அந்த மரங்களுக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயா, லயத்து வீடுங்க எங்கங்க?" என்று கேட்டேன்.

"இடம் போதேல்ல தம்பி," என்றார்.

முன்னூறு மரத்துக்கு இடம் இருந்தது. நாய்க்கு இடம் இருந்தது. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறை குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு மட்டும் உள்ளங்கை அகலம் இடமில்லை. அந்த முன்னூறு மரத்திலும் பால் வெட்டுவது யாராம், பேயா? அப்போதே கிளம்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. "ஆமாங்கய்யா" என்று சொல்லிவிட்டு வயரைச் சீவிக்கொண்டிருந்தேன்.

அவரிடம் நான் மாட்டிக்கொண்டது கோயிலில். ஜெலாப்பாங் பக்கம் நாங்கள் கும்பிடும் அம்மன் கோயிலில் மின்சார மேளம் ஒன்று உண்டு. சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுற்றி மேளமும் மணியும் சேகண்டியும் தானாக அடிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை தீபாராதனை நேரத்தில் மணியும் சேகண்டியும் நின்றுபோய், மேளம் மட்டும் வெறிபிடித்த மாதிரி அடித்தது. குருக்கள் தட்டும் கையுமாக விழித்தார். நான் பக்கத்தில் இருக்கிற தகர டப்பா தொழிற்சாலையில் மெஷின்களின் கன்ட்ரோல் பெட்டிகளைப் பார்ப்பவன். கழற்றி, ஒரு ஸ்க்ரூவை முடுக்கிச் சரிபண்ணினேன். திரும்பினால், சட்டைப் பையில் மூன்று பேனாவோடு ஒரு பெரியவர் என் தோளுக்குப் பின்னால் நின்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சாமிக்குக் கற்பூரம் காட்டுகிறார்கள், இவர் மோட்டாரைப் பார்க்கிறார்.

"கெட்டிக்காரன்," என்றார். "நீர் எந்தத் தோட்டம்?"

எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. தோட்டத்தை விட்டு முப்பது வருஷம். அந்தத் தோட்டமே பாதி எண்ணெய் எடுக்கிற செம்பனையாகவும் பாதி வீடமைப்புத் திட்டமாகவும் ஆகிவிட்டது. எங்கே வேலை என்று கேட்டிருக்கலாம், எங்கே வீடு என்று கேட்டிருக்கலாம். என் தலையெழுத்து, நானும் செமோர் பக்கத்துத் தோட்டத்தின் பேரைச் சொன்னேன்.

"அட! எங்கட அப்பா அங்கதானே கிராணியா இருந்தவர்!"

அவ்வளவுதான். என் முதுகு வளைந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் வளைக்கவில்லை, தானாக வளைந்தது. கிராணி எதிரே வந்தால் என் அப்பா சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்பார். அந்தப் பழக்கம் கார் ஓட்டுகிற என் உடம்புக்குள் எந்த வழியாக வந்து புகுந்ததோ தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லேப்டாப்போடு அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

அவருக்கு ஒரே ஒரு மந்திரம் உண்டு. ஓட்டோமேட்டிக்.

"எல்லாம் ஓட்டோமேட்டிக்கா நடக்கோணும் தம்பி. நான் ஒண்டையும் தொடப்படாது. கையைக் கட்டிக்கொண்டு இருந்து பாக்கோணும்."

கேட்பதற்கு லேசாக இருக்கிறது, இல்லையா? ஒவ்வோர் எஞ்சினுக்குள்ளும் நகத்தளவு ஒரு சிப், அதற்கு ஒரு நம்பர். தண்டவாளத்துக்கு அடியில் அங்கங்கே சென்சர். இந்த எஞ்சின் இந்த சென்சரைத் தாண்டினால் தண்டவாளம் பிரிகிற இடத்தில் பாதை திரும்ப வேண்டும், சிக்னல் பச்சையாக வேண்டும், வேகம் குறைய வேண்டும், பிரேக் கீச்சிட வேண்டும், பிளாட்பாரத்தில் அறிவிப்பு வர வேண்டும், நின்றுவிட்டு ஊதிக் கிளம்ப வேண்டும். இதை வரிசையாகக் கம்ப்யூட்டரில் எழுதி வைத்தால் அது ஒரு ரூட். ஆறு ரயில்கள் ஒன்றை ஒன்று முட்டாமல் நாற்பத்திரண்டு நிமிஷம் ஓடி, கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும் என்றார். எட்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி எழுதினேன்.

அதிலும் ஒரு சட்டம். எக்ஸ்பிரஸ் எங்கேயும் காத்திருக்கக் கூடாது. தோட்டத்துப் பக்கம் போகிற லோக்கல் வண்டிதான் ஒதுங்கி நிற்க வேண்டும். லோக்கல் முதலில் வந்துவிட்டாலும் அதுதான் நிற்க வேண்டும். "ரெண்டையும் மாத்தி மாத்தி விட்டா நேரம் மிச்சமாகுங்கய்யா," என்று சொல்லிப் பார்த்தேன்.

"அது நிக்கும். அதுக்குப் பழக்கம்," என்றார்.

தலையில் ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி, கையில் பச்சைக் கொடி. ரயில் கிளம்பும்போது கொடியை ஆட்டுவார். ஏதோ வாழ்நாள் பூராவும் பிளாட்பாரத்தில் நின்று வண்டி விட்டவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிற்பாடு, அவரோடு வேலை பார்த்த ஒரு பழைய டிரைவர் என் காதோரம் குனிந்து, "இவரா? பார்சல் ஆபீஸ்ல சாப்பு குத்திக்கிட்டு இருந்தாரு லா. எஞ்சின் பக்கம் வந்தா கரி ஒட்டும்னு வரவே மாட்டாரு," என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார். சாப்பு என்றால் முத்திரை. தொப்பி கடையில் வாங்கியது.

பிளாட்பாரத்து அறிவிப்புக்கு நிஜ ஸ்டேஷனில் பதிந்த பெண் குரலைப் போட்டேன். பிடிக்கவில்லை. தானே பேசிப் பதிந்தார். "பத்து காஜா, பத்து காஜா. பயணிகள் கவனமாக இறங்கவும்." பதினான்கு தடவை பதிந்து, முதலில் பதிந்ததையே எடுத்துக்கொண்டார். மூக்கால் பேசுகிற குரல். அதை ஸ்பீக்கரில் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார், பாட்டுக் கச்சேரி கேட்கிறவர் மாதிரி.

அவர் மனைவி, அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான உடம்பு, எப்போதும் ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வருவார். முன்பெல்லாம் பெரியவர் கூடத்திலிருந்து "இஞ்சரும்!" என்று கத்துவார், அந்த அம்மா வருவார். ஒருநாள் பெரியவர் என்னிடம், "தம்பி, கத்திக் கத்தித் தொண்டை நோகுது. இதில இருந்து குசினிக்கு ஒரு வயர் இழுக்கலாமோ?" என்று கேட்டார். இழுத்தேன். குசினி என்று அவர்கள் சொல்கிற அடுப்படியில், அரிசி டின்னுக்கு மேலே கையகல ஸ்பீக்கர் ஒன்றை அடித்தேன். அதோடு விடவில்லை. மூன்றாம் நம்பர் ரயில் பத்து காஜா சென்சரைத் தாண்டியதும் இரண்டு சின்னது, ஒரு நீளம் குசினியில் தானாக ஊதுகிற மாதிரி ரூட்டிலேயே எழுதிக் கொடுத்தேன். இனி அவர் பட்டனைக்கூட அழுத்த வேண்டாம்.

முதல் தடவை ஊதியபோது உள்ளே கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. பிறகு தேத்தண்ணி வந்தது.

"பாரும்! இப்ப அவவும் ஓட்டோமேட்டிக்!" என்று சொல்லி அவர் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் வாய் கசக்கிறது.

அந்த அம்மா எனக்கும் ஒரு கோப்பை வைத்து, "சீனி காணுமோ தம்பி?" என்று, அதாவது போதுமா என்று கேட்பார். பல மாதங்களுக்கு அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு கேள்விதான்.

எனக்கும் ஓர் ஊதல் இருந்தது, மூன்று சின்னது. ஞாயிற்றுக்கிழமை நான் வரத் தாமதமானால் என் போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பேச்சு ஒன்றும் இருக்காது. பாம், பாம், பாம், அவ்வளவுதான். என் வீட்டுக்காரி தோசைக் கரண்டியோடு வந்து நிற்பாள்.

"ஊதிட்டாங்க, ஓடுங்க," என்பாள். "கிராணி செத்து நாப்பது வருசமாச்சு. நீங்க இன்னும் பெரட்டுக்கு நிக்கிறீங்க. பேரு கூப்பிட்டாங்களா, கை தூக்குனீங்களா? வெக்கமா இல்ல?"

பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அவளும் தோட்டத்துப் பெண்தான், எங்கே குத்தினால் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். நான் அவளைத் திட்டிவிட்டுப் போவேன். போகாமல் இருந்ததில்லை.

அடுத்தது கூட்டத்துச் சத்தம். பிளாட்பாரத்தில் நாலு பேர் பேசுகிற மாதிரி இரைச்சல் வேண்டும் என்றார். தன் போனில் ரெக்கார்டரைப் போட்டு, மனைவியின் மார்க்கெட் கூடைக்குள் அடியில் வைத்து அனுப்பியிருக்கிறார். அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. "சொன்னா இயற்கையா கதைக்க மாட்டா," என்றார். என்ன புத்தி பாருங்கள்! பிறகு அந்தப் பதிவை என்னிடம் கொடுத்து, "அவவின்ர குரலை வெட்டிப் போடும். கூட்டம் மட்டும் காணும்," என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் சாயங்காலம் காதில் மாட்டிக் கேட்டேன். மீன்காரன் கூவுகிறான், யாரோ கீரைக்குப் பேரம் பேசுகிறார்கள், நடுவில் அந்த அம்மாவின் குரல். காய்கறி விற்கிற பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அக்காவுக்கு இந்த முறை ஏலாது போல. கால் வீங்கி, மூச்சு இழுக்குது. சாகிறதுக்குள்ள உன்னை ஒருக்கா பாக்கோணும் எண்டு சொல்லி அனுப்பினவ. என்னை வளத்தவ அவதான். பத்து காஜாதானே, இந்தா இருக்கு. இவர் ரயில் வேலை முடியட்டும் எண்டுறார்."

"அவரு கெடக்குறாருக்கா! நீங்க பாட்டுக்கு ஒரு டாக்சிய புடிங்க. அர மணி நேரம் லா."

"எப்பிடியம்மா போறது? தேத்தண்ணிக்கு ஊதுமே."

நான் அதைத் திரும்ப ஒரு தடவை கேட்டேன். பிறகு, சொன்னபடி வெட்டினேன். ஒரு நிமிஷம் பத்து வினாடி. மீன்காரனும் கீரைப் பேரமும்தான் மிச்சம். எதை வெட்டினாலும் முழுசாக ஒரு காப்பி வைத்துவிட்டு வெட்டுவது தொழிற்சாலைப் பழக்கம். அதனால் முழுப் பதிவும் என் லேப்டாப்பில் ஒரு மூலையில் கிடந்தது. அந்த அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று அந்த வீட்டில் பெரியவருக்கு அடுத்து எனக்குத்தான் தெரியும். நானும் தெரியாத மாதிரிதான் நடந்துகொண்டேன்.

கடைசியாக அந்த நாள் வந்தது. ஓட்டத்தைப் பார்க்க ஆறு பேரை அழைத்திருந்தார். நாலு பேர் பழைய ரயில்வேக்காரர்கள், இரண்டு பேர் கோலாலம்பூரிலிருந்து வந்தவர்கள், அவர்கள் வீட்டிலும் இந்த மாதிரி ரயில் உண்டாம். காலையில் நான் காரை நிறுத்தும்போதே அந்த அம்மா கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். நல்ல சேலை கட்டியிருந்தார். கையில் ஃபிளாஸ்க், ஒரு துணிப்பை.

"தம்பி, அக்காவை நேற்று ஆஸ்பத்திரியில சேத்திட்டினம். உம்மட கார்ல என்னை ஒருக்கா பத்து காஜாவுக்குக் கொண்டுபோய் விடுவீரோ?"

"வாங்கம்மா, இப்பவே போலாம்," என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

உள்ளேயிருந்து மூன்று சின்ன ஊதல் கேட்டது. நான் உள்ளே போனேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"ஐயா, அம்மாவ ஆஸ்பத்திரில விட்டுட்டு ஒரு மணி நேரத்துல வந்துர்றேன்."

"விசரோ உமக்கு? ஆக்கள் வந்திட்டினம். இடையில ஏதும் நிண்டுபோனா ஆர் பாக்கிறது? வந்தவைக்கு ஆர் தேத்தண்ணி குடுக்கிறது? நாப்பத்திரண்டு நிமிசம்தானே, முடிச்சிட்டுப் போங்கோ. ஆஸ்பத்திரி என்ன ஓடியா போகுது?"

அந்த அம்மா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான், "சட்டுன்னு முடிச்சிர்றேம்மா," என்றேன். அவர் துணிப்பையை நாற்காலியில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனார்.

லேப்டாப் திரையில் சிவப்பாக ஒரு கட்டம் உண்டு. அதை அழுத்தினால் தண்டவாளத்துக்குப் போகிற மின்சாரம் நின்றுவிடும், எந்த ரயில் எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கும். ஏதாவது முட்டப்போனால் அழுத்துவதற்காக என் விரல் எப்போதும் அதன் பக்கத்திலேயே இருக்கும்.

முதல் ஓட்டத்தில் லோக்கல் வண்டி குன்றுக்குள் போகிற குகை வாயிலில் தடம் புரண்டது. அதைத் தூக்கி வைத்துவிட்டு அங்கிருந்தே விட்டிருக்கலாம். "முதல்ல இருந்து," என்றார். இரண்டாவது ஓட்டத்தில் ஒரு சிக்னல் பச்சையாகவில்லை. பார்த்தவர்கள் யாருக்கும் அது தெரியவே தெரியாது. "முதல்ல இருந்து." ஒன்றே கால் மணி நேரம் போய்விட்டது. இடையில் அந்த அம்மா இரண்டு தடவை குசினி வாசலுக்கு வந்து நின்றார். கணவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

மூன்றாவது ஓட்டம் சுத்தமாகப் போனது. மூன்றாம் நம்பர் ரயில் பத்து காஜா சென்சரைத் தாண்டியது. குசினியில் இரண்டு சின்னது, ஒரு நீளம். அந்த அம்மா தட்டோடு வந்தார். எட்டுக் கோப்பை, அவற்றுக்கு நடுவில் அவருடைய போன். அது அடித்தது. தட்டைப் பலகையின் விளிம்பில் வைத்துவிட்டு எடுத்தார். போனுக்குள் ஒரு பெண் அழுவது எனக்குக் கேட்டது.

"எப்ப?" என்று மட்டும் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து பிளாட்பாரத்து ஸ்பீக்கரில், "பத்து காஜா, பத்து காஜா. பயணிகள் கவனமாக இறங்கவும்," என்று பெரியவரின் குரல் வந்தது. அவர் மனைவி பக்கம் திரும்பவில்லை. சத்தம் போடாதே என்று ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். கண் விருந்தாளிகளின் முகத்தில் இருந்தது.

பழைய டிரைவர்தான் பாதி எழுந்து, "என்னம்மா ஆச்சு?" என்றார். அந்த அம்மா ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு அவருக்குக் கோப்பையை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொருவராக எட்டுப் பேருக்கும் கொடுத்தார். என்னிடம் கொடுக்கும்போது சீனி காணுமா என்று கேட்கவில்லை.

சிவப்புக் கட்டத்தை நான் அழுத்தவில்லை. இன்னும் பதினேழு நிமிஷம்தான், முடிந்ததும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். யாருக்காக, எதற்காக? செத்துப் போனவளைப் பார்க்க அவசரம் என்ன என்று நினைத்தேனோ என்னவோ. அதை நினைத்தால் என்மீதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ரயில்கள் எல்லாம் கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றன. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார்.

பத்து காஜாவுக்குக் காரில் போகும்போது அந்த அம்மா ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். ஆஸ்பத்திரி வளைவு வந்தபோது வாயைத் திறந்தார்.

"தம்பி, அந்தக் கம்ப்யூட்டர்ல சிவப்பா இருக்கே, அது என்னத்துக்கு?"

"அத அழுத்துனா எல்லாம் நின்னுரும்மா."

"ஓ," என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் இன்னும் தேவலை.

சாவு வீட்டுக்குப் பெரியவர் வந்தார். ஒரு மணிக்குப் பெட்டியை எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள், ஒன்று இருபது ஆகிவிட்டது. "ஒரு மணியெண்டா ஒரு மணிக்கு எடுக்கோணும். இதுக்குத்தான் நான் சொல்றது, எல்லாம் ஓட்டோமேட்டிக்கா இருக்கோணும்," என்று என்னிடம் முணுமுணுத்தார். நான் பக்கத்தில் நிற்கப் பிடிக்காமல் கூடாரத்தின் மறு பக்கம் போய் நின்றேன்.

மூன்று மாதம் அவரிடமிருந்து சத்தமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் போனில் மூன்று சின்ன ஊதல். பின்னாலேயே அவர் குரல். "தம்பி, குசினி ஹோர்ன் வேலை செய்யேல்ல. வந்து பாரும்."

"போகாதீங்க," என்றாள் என் வீட்டுக்காரி. போனேன்.

வீட்டில் அவர் மட்டும் இருந்தார். பலகையின் விளிம்பெல்லாம் கழுவாத கோப்பைகள், கிராணி வீட்டு வாசலில்கூட ஒன்று.

"வண்டி சரியான நேரத்துக்குத்தான் வருது. சென்சரும் வேலை செய்யுது. ஆனா தேத்தண்ணி வருதில்ல. இடையில எங்கயோ பிழை இருக்கு, பாரும்."

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. "அம்மா வீட்டுக்கு வரலீங்களாய்யா?" என்று கேட்டேன்.

"முப்பத்தோராம் நாள் சடங்கு முடிஞ்சுது. உடுப்பு எடுக்க வந்தவ, அக்காவின்ர வீட்டில கொஞ்சம் இருந்திட்டு வாறன் எண்டவ. வருவா. ஓட்டோமேட்டிக்கா வருவா."

முப்பத்தொன்று முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. குசினிக்குப் போய்ப் பார்த்தேன். அரிசி டின்னுக்கு மேலே ஸ்பீக்கர் அப்படியேதான் இருந்தது. வயரைக் கத்தரிக்கோலால் நறுக்கி, இரண்டு முனையையும் மடக்கி, யாருக்கும் கரண்ட் அடித்துவிடாமல் டேப் சுற்றி வைத்திருந்தார் அந்த அம்மா. நான் சுற்றுவதைவிட நேர்த்தியான சுற்று.

"வயர் போச்சுங்கய்யா."

"புதுசு போடும்."

நான் புது வயர் எடுக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தேன். அவர் சொல்லாத வேலை ஒன்றை அந்த வீட்டில் முதல்முதலாகச் செய்தேன். பத்து காஜா பிளாட்பாரத்து இரைச்சலை எடுத்துவிட்டு, மூலையில் கிடந்த முழுப் பதிவைப் போட்டேன். ரயிலை விட்டேன்.

மூன்றாம் நம்பர் வந்து நின்றது. மீன்காரன் கூவினான். அப்புறம் அந்த அம்மாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. அக்காவுக்கு ஏலாது போல. சாகிறதுக்குள்ள ஒருக்கா பாக்கோணும் எண்டு சொல்லி அனுப்பினவ. என்னை வளத்தவ அவதான். இவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். தேத்தண்ணிக்கு ஊதுமே என்று முடிகிற வரைக்கும், ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கூட்டம் நல்லா வந்திருக்கு," என்றார். "ஆனா அந்தப் பொம்பிளையின்ர சத்தம் கூடிப்போச்சு. குறையும்."

நாற்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்தவர் குரல் தெரியவில்லையா, தெரிந்துதான் சொன்னாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டில் எது என்றாலும் காறித் துப்பலாம். ஆனால் அந்த நிமிஷம் நான் என்ன செய்தேன் தெரியுமா? என் வாய் "சரிங்கய்..." என்று ஆரம்பித்துவிட்டது. கை சத்தத்தைக் குறைக்கப் போய்விட்டது. அங்கேயிருந்து ஓர் அங்குலம் தள்ளி அந்தச் சிவப்புக் கட்டம் இருந்தது. அழுத்தினேன்.

ஆறு ரயிலும் நின்றன. எக்ஸ்பிரஸும் நின்றது. அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

"ஏன் நிப்பாட்டினீர்?"

"இது எதுக்குன்னு அம்மா அன்னைக்கு கேட்டாங்கய்யா," என்றேன். "மூணு மாசம் கழிச்சு அழுத்துறேன்."

லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தேன். அது என் லேப்டாப். எட்டு மாத ரூட் எல்லாம் அதற்குள்தான் இருந்தது. அவர் நிற்கிற ரயில்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

மின்சாரத்தைத் திரும்ப விடவும் ஊதவும் கையில் வைத்து அழுத்துகிற ரிமோட் ஒன்று அவரிடம் உண்டு. ரூட் எழுதிய பிறகு ஊதலுக்கு மட்டும்தான் அதைத் தொடுவார். கேட்டருகில் வரும்போது கூடத்திலிருந்து சத்தம் வந்தது. இரண்டு சின்னது, ஒரு நீளம். சற்று நேரம் ஒன்றும் இல்லை. மறுபடியும் இரண்டு சின்னது, ஒரு நீளம். யாரும் வரவில்லை.

அப்புறம் மூன்று சின்னது.

கேட்டைத் தாண்டியிருந்த என் கால் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் நிறுத்தவில்லை. திரும்பவும் மூன்று ஊதியது. அதற்கப்புறம்தான் போய்க் கார் கதவைத் திறந்தேன்.